எட்டாயிரம் சுற்று: கிடார் பிக்கப்புக்கு வீட்டிலேயே ஓர் இயந்திரம்

(கிடார் வாசிப்போரும் இசைக்கருவி பழுதுபார்ப்போரும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்சார கிடாரின் வரலாற்றில் ஒரு சலவை இயந்திர மோட்டாருக்கு இடம் உண்டு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜார்ஜ் பீச்சம் என்றொருவர் இருந்தார். ஹவாய் பாணி கிடார் வாசித்தவர். அன்றைய நடன இசைக்குழுக்களில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முழங்கும்போது கிடார் சத்தம் யார் காதிலும் விழாது. தந்தியின் அதிர்வை நேரடியாக மின்சாரமாக மாற்றிவிட்டால் அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம் என்று அவர் யோசித்தார். இரண்டு குதிரைலாடக் காந்தங்களை எடுத்தார். தந்திகளுக்குக் கீழே ஒரு கம்பிச்சுருள் வைத்தார். அந்தச் சுருளைச் சுற்றத்தான் சலவை இயந்திர மோட்டார் உதவியது என்று அவரோடு உழைத்த பால் பார்த் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1931இல் மாதிரி உருவானது. 1932இல் அடால்ஃப் ரிக்கன்பேக்கரின் கூட்டோடு விற்பனைக்கு வந்தது. 1937இல் காப்புரிமை கிடைத்தது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டில் செய்த இயந்திரம் என்றாலே ஏதோ ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று நினைக்கிறோம். பெரிய நிறுவனத்தின் இயந்திரம்தான் அசல், நாம் செய்வது அதன் நகல் என்று ஓர் எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. இந்தத் துறையில் நடந்தது நேர்மாறு. வீட்டுச் சாமானில் தொடங்கி, பிறகுதான் தொழிற்சாலைக்குப் போனது.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் இந்தப் பிக்கப் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிக்கப்பில் உள்ள காந்தம் தனக்கு மேலே இருக்கும் எஃகுத் தந்தியையும் சற்றே காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது; அந்த ஏற்ற இறக்கம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1831இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விதிதான். அவர் இரும்பு வளையத்தில் கம்பி சுற்றிய காலத்தில், மேலே பூச்சு ஏற்றிய கம்பி கடையில் கிடைக்காது. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே நூலும் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பருத்தித் துணியும் வைத்துக் கையாலேயே சுற்றினார். இந்த வேலையின் கைவழக்கம் அவ்வளவு பழையது.

ஒரு சுற்றில் பிறக்கும் மின்னழுத்தம் மிகச் சிறிது. ஆகவே ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். 1950களில் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிடாரின் பிக்கப்பில் ஏறத்தாழ 8000 சுற்று இருக்கும். கம்பியின் குறுக்களவு 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. பிரித்து நீட்டினால் 1 கிலோமீட்டரைத் தாண்டும். அவ்வளவு நீளக் கம்பியில் இருக்கும் செம்பு சுமார் 30 கிராம்தான். சுருளின் மின்தடை 6000 ஓம் அளவில் இருக்கும்.

இங்கே நம்மூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தக் கம்பியை அமெரிக்கர்கள் 42 கேஜ் என்று எழுதுவார்கள். அது அமெரிக்க கேஜ். நம் மோட்டார் ரீவைண்டிங் கடைகளிலும் எனாமல் கம்பி விற்கும் கடைகளிலும் வழங்குவது பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கேஜ். கடையில் போய் ‘42 கேஜ் கொடுங்கண்ணே’ என்று கேட்டால் 0.10 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துக் கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை, கேட்டதைத்தான் கொடுத்தார். ஆனால் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு நமக்கு வேண்டியதைப்போல இரண்டரை மடங்கு. 8000 சுற்று வேண்டிய இடத்தில் 3000 சுற்றுக்கு மேல் அதில் இடம் இருக்காது. எஸ்.டபிள்யூ.ஜி.யில் நமக்கு நெருக்கமானது 46. கேஜ் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேட்பது இன்னும் நல்லது. ரீவைண்டிங் கடைகளில் அன்றாடம் புழங்குவது பம்புசெட்டுக்கும் மின்விசிறிக்கும் உரிய தடித்த கம்பி. நமக்கு வேண்டியதைச் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி: மெஷின் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும்? அமெரிக்காவில் சீமோர் டங்கன் என்ற பெயரைக் கிடார்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். இளமையில் அவருடைய டெலிகாஸ்டர் கிடாரின் பிக்கப் பழுதானபோது, இசைத்தட்டு சுழலும் ரெக்கார்ட் பிளேயரின் மேலேயே அதை வைத்து மறுபடி சுற்றினார். இசைத்தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்றும். அந்த வேகத்தில் 8000 சுற்றுக்கு 4 மணி நேரம் ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் பெயரால் 1976இல் தொடங்கிய நிறுவனத்தின் பிக்கப்புகள் இன்று உலகெங்கும் போகின்றன. ஆக, வேகம் பெரிய விஷயமில்லை. பொறுமை இருந்தால் எந்த வேகமும் போதும்.

மோட்டாருக்கு என் தேர்வு தையல் மெஷின் மோட்டார். காரணம் அதன் மிதி. காலால் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், சட்டென்று நிறுத்தலாம். இரண்டு கையும் கம்பிக்காகக் காலியாக இருக்கும். ஆனால் அந்த மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றப் பிறந்தது, மெதுவாக ஓட்டினால் திணறும். அதனால் மோட்டாரில் சின்னப் புல்லி, இரண்டு பேரிங்கில் நிற்கும் ஷாஃப்டில் பெரிய புல்லி, நடுவே பெல்ட் என்று அமைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டைத் தொடத் தயங்குகிறவர்கள் 12 வோல்ட் டி.சி. மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் வாங்கலாம். நிமிடத்துக்கு 500 முதல் 800 சுற்று வந்தால் வேலை நிம்மதியாக நடக்கும். 800 என்றால் மொத்தமும் 10 நிமிடம். ஷாஃப்டின் முனையில் மரத்திலோ அக்ரிலிக்கிலோ ஒரு வட்டத் தகடு. அதில், கம்பியைச் சுற்றும் சட்டமான பாபினை இருபுறமும் ஒட்டும் டேப்பால் நட்டநடுவில் ஒட்ட வேண்டும். நடு தப்பினால் மெஷின் முழுக்க அதிரும். துப்பட்டா, முந்தானை, தளர்ந்த சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் ஷாஃப்டின் பக்கம் போகக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கம்பிச் சுருளை எங்கே வைப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பட்டம் விடும் மாஞ்சா உருளைபோல் அதையும் ஓர் அச்சில் மாட்டிச் சுழலவிடத்தான் முதலில் தோன்றும். வேண்டாம். சுருளுக்கு எடை இருக்கிறது. மெஷின் வேகம் கூடும்போது அது உடனே கூடாது, மெஷின் நின்றாலும் அது உடனே நிற்காது. அந்தத் தயக்கத்தில் கம்பி அறுந்துபோகும். இந்தக் கம்பி 100 கிராம் எடையைக்கூடத் தாங்காது என்பதை நினைவில் வையுங்கள். சுருளைத் தரையில் நிமிர்த்தி அசையாமல் வைத்து, கம்பியை அதன் தலைக்கு மேலாக உருவி எடுங்கள். அப்போது நகர்வது கம்பி மட்டும்தான்.

இப்போது மெஷினின் உயிர்நிலைக்கு வருகிறேன். ரேடியோ டிரான்ஸ்ஃபார்மரோ மின்விசிறியோ சுற்றியவர்களுக்கும் இது புதிதாக இருக்கும். கிடார் பிக்கப்பின் சுருள் வட்டமானதல்ல. ஸ்ட்ராடோகாஸ்டரின் சுருள் 6 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் அகலம் கொண்ட நீள்வடிவம். வட்டமான உருளையில் கம்பி ஒரே சீராக உள்ளே போகும். இந்த நீள்வடிவத்தில் முனை வெளியே வரும்போது கம்பி வேகமாக இழுபடும். தட்டையான பக்கம் வரும்போது வேகம் குறையும். ஒரே சுற்றுக்குள் இப்படி இரண்டு முறை ஏறி இறங்கும். தொடக்க அடுக்குகளில் இந்த வேக வேறுபாடு பல மடங்கு. 800 சுற்று வேகத்தில் ஓட்டினால், விநாடிக்கு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட முறை கம்பி வெடுக்கென்று இழுக்கப்பட்டுத் தளர்கிறது.

இதைச் சமாளிப்பது விரல்கள்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே சிறிய ஃபெல்ட் துணி, அதன் மடிப்புக்குள் கம்பி. மெஷினிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தால் அந்தத் துடிப்பு விரலில் தெரியும். அழுத்தினால் கம்பி நீண்டு மெலியும், மேல்பூச்சு விரிசல் விடும், கடைசியில் அறுந்தும் போகும். விட்டுவிட்டால் சுருள் புடைத்துக்கொண்டு மூடிக்குள் நுழையாது. உள்ளே தளர்ந்து நிற்கும் கம்பிகள் தாமே அதிர்ந்து, ஒலிபெருக்கியைக் கூட்டும்போது கீச்சிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடி இருக்கிறது. அதை நான் வார்த்தையில் சொல்ல முடியாது, நீங்கள் உட்கார்ந்து சுற்றித்தான் அறிய முடியும். கம்பி பாபினுக்கு வெளியே வழியாமல் இருக்க, கைக்குக் கீழே ஒரு கோலை வைத்து அதில் இரண்டு தடுப்புகளை நகர்த்திப் பொருத்தலாம். கை அந்த இரண்டுக்கும் இடையே மட்டும் போய்வரும். பாபினுக்குப் பின்னால் கறுப்புத் தாளும் மேலே நல்ல விளக்கும் வைத்தால்தான் கம்பியே கண்ணுக்குத் தெரியும்.

விரலின் இந்தப் பிடிக்கு முகம் கொடுத்தவர் அபிகெய்ல் இபாரா. கலிஃபோர்னியாவில் ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956இல் வேலைக்குச் சேர்ந்தார். கம்பியைக் கையால் செலுத்திப் பிக்கப் சுற்றினார். 2013இல் ஓய்வுபெற்றபோது, தம்மிடம் தொழில் கற்ற ஜோசஃபினா காம்போஸிடம் அந்த இடத்தை விட்டுச் சென்றார். மேடையில் கிடார் வாசித்தவர்களின் பெயர்களை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். அந்த ஒலியின் ஒரு பங்கு, மெஷின் முன் உட்கார்ந்திருந்த இப்படிப்பட்ட பெண்களின் விரல்களிலிருந்து வந்தது. அவர்கள் பெயர்களையும் நாம் சொல்லிப் பழக வேண்டும்.

பிடி விரலுக்குரியது என்றால், எண்ணிக்கை மெஷினுக்குரியது. எண்ணும் கருவி இல்லாத மெஷினை நான் மெஷின் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். எளிய வழி ஒன்று உண்டு. ஷாஃப்டில் சின்னக் காந்தம் ஒட்டி, அருகே ஒரு ரீட் சுவிட்சை வைத்து, அதன் இரு கம்பிகளையும் மலிவான கால்குலேட்டரின் ‘சமம்’ பொத்தானில் சேர்த்துவிடுவார்கள். 1 கூட்டல் 1 போட்டுத் தொடங்கினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். அழகான உபாயம்தான். ஆனால் வேகம் கூடினால் கால்குலேட்டர் சில சுற்றுகளைத் தவறவிடும். ரீட் சுவிட்ச் துள்ளினால் ஒன்றை இரண்டாகவும் எண்ணும். ஆர்டுயினோ பலகையும் ஹால் சென்சாரும் கையாளத் தெரிந்த பிள்ளைகள் இன்று வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். சொன்ன எண் வந்ததும் மெஷினே நிற்கும்படி செய்து தருவார்கள்.

எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்ற பொறியாளர், இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றை உருவாக்கி 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் உரிமை கிடைத்தது. அதை ‘ஹம்பக்கர்’ என்று சொல்கிறோம். காப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொல்லும் சின்னஞ்சிறு ஒட்டுத்தாளோடு வந்த பழைய ஹம்பக்கர்களுக்கு இன்று பெருவிலை. அவற்றில் ஒன்றுபோல் இன்னொன்று ஒலிக்காது என்பதை ஏதோ மாயமாகப் பேசுகிறார்கள். அன்றைய மெஷின்களில் குறித்த எண்ணில் தானே நிற்கும் ஏற்பாடு இல்லை. சுருள் நிறைந்துவிட்டது என்று தோன்றும்வரை சுற்றினார்கள். ஒரு சுருளுக்குச் சுமார் 5000 சுற்று என்பது உத்தேசம். அளந்து பார்த்தால் 7000 ஓமும் வரும், 9000 ஓமும் வரும். அந்த ஒலியை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது அருமையான ஒலி. ஆனால் அதைத் திரும்ப எட்ட வேண்டுமென்றால் மாயம் என்று கும்பிட்டுப் பயனில்லை. எண்ணிச் சுற்ற வேண்டும், எழுதி வைக்க வேண்டும், கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஏனெனில் சுருளின் மின்தூண்டல் எண், சுற்றுகளின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. சுற்றைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் அது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கூடும். சுருளும் அதோடு சேர்ந்த கேபிளின் மின்தேக்குத்திறனும் ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. ஸ்ட்ராடோகாஸ்டர் பிக்கப்பை வழக்கமான கேபிளில் மாட்டினால் அது 4000 ஹெர்ட்ஸை ஒட்டி விழும். அந்தப் பளிச்சிடும் மணிநாதம் அங்கிருந்துதான் வருகிறது. சுற்று கூடக்கூட ஒத்ததிர்வு கீழே இறங்கும். ஒலி பெரிதாகும், பளிச்சென்ற தன்மை மங்கும். கையால் தாறுமாறாகச் சுற்றினால் கம்பிகளுக்கு இடையேயான மின்தேக்குத்திறன் சிறிது குறையும், அதனால் ஒலி தெளியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் சுற்றின் எண்ணிக்கை, காந்தத்தின் வலு, கேபிளின் நீளம் ஆகிய மூன்றுக்கும் முன்னால் அது சிறிய சங்கதி என்பது என் கருத்து.

மல்டிமீட்டர் காட்டும் மின்தடையை மட்டும் நம்பாதீர்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 6000 ஓம் காட்டும் சுருள், நம்மூர்ச் சித்திரை வெயிலில் 35 டிகிரியில் 6350 காட்டும். கூடுதலாகச் சுற்றிவிட்டோமோ என்று யாரும் கலங்க வேண்டாம். சுற்றின் எண்ணிக்கை வெயிலில் மாறாது.

சுற்றுவதோடு சேர்ந்த மற்ற வேலைகளைக் கூடுமானவரை சுருக்குகிறேன். முனைகளைப் பற்றவைக்க வேண்டியிருப்பதால், கம்பி சூட்டிலேயே பூச்சு உருகும் ரகமா, தேய்த்தெடுக்க வேண்டிய ரகமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஃபெண்டர் பாணியில் காந்தத்தின் மேலேயே நேராகச் சுற்றுவதாக இருந்தால், முதலில் காந்தங்களுக்கு லாக்கர் பூசுங்கள் அல்லது ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். காந்தம் துருப்பிடித்து உள்ளடுக்குக் கம்பியை அரித்ததால் செத்துப்போன பழைய பிக்கப்புகள் ஏராளம். பிறகு பாரஃபின் மெழுகோடு கொஞ்சம் தேன்மெழுகு கலந்து உருக்கி, 65 டிகிரி அளவில் சுருளை முக்கி வைத்தால் மெழுகு உள்ளே இறங்கி கம்பிகளைக் கட்டிப்போடும். மெழுகுப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே சூடாக்குங்கள். நேரடித் தீயில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும்.

சுருள் நன்றாக அமைந்தால் மட்டும் போதுமா? லண்டனில் 1963இல் ஒரு பள்ளி மாணவனும் அவன் தந்தையும் சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிடார் செய்யத் தொடங்கினார்கள். மாணவன் பிரையன் மே, பின்னாளில் குயீன் இசைக்குழுவின் கிடார் கலைஞர். தந்தை ஹெரால்ட், மின்னணுத் தொழில் தெரிந்தவர். பழைய கணப்படுப்பின் மரம் கிடாரின் கழுத்தானது, மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இன்னொரு பாகமானது. பிக்கப்பையும் கடையில் வாங்கிய காந்தங்களைக் கொண்டு தாங்களே சுற்றினார்கள். அவை நன்றாகவே ஒலித்தன. ஆனால் காந்தமுனைகள் அமைந்திருந்த விதத்தால், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வளைக்கும்போது ஒலி விசித்திரமாக மாறியது. கடைசியில் பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினார்கள். அப்போதும் சும்மா பொருத்தவில்லை. கீச்சொலி வராமலிருக்க அவற்றை அரால்டைட் பசையால் நிரப்பினார்கள். சுருள் பாதி, காந்தம் பாதி என்பதை முன்பே சுற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அப்படிக் கை வைக்கத் துணிவு வரும்.

இங்கே எனக்கு வீணை நினைவுக்கு வருகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து, நம் கமகங்கள் காந்தத்தின் வழியாகவும் வரும் என்று காட்டிவிட்டார். வீணைக்கு என்ன செய்வது? கிடாருக்கென்று விற்கும் பிக்கப்பின் ஆறு காந்தங்கள் வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளுக்கு நேரே அமையாது. சாரணியும் பஞ்சமமும் எஃகு, அவற்றைக் காந்தம் பிடிக்கும். மந்தரமும் அனுமந்தரமும் பித்தளையோ வெண்கலமோ ஆனால் காந்தத்துக்கு அவை இருப்பதே தெரியாது. எஃகு உள்ளீட்டின் மேல் சுற்றிய தந்தியாக இருந்தால் பிடிக்கும், ஆனால் அளவு வேறாகும். மேலும் வீணையில் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் வெகுதூரம் இழுக்கிறோம். பிரையன் மே சந்தித்த அதே சிக்கல் இங்கே இன்னும் கூர்மையாக வரும். தந்திக்கு ஒரு காந்தம் வைப்பதா, எல்லாவற்றுக்கும் கீழே ஒரே பட்டைக் காந்தம் வைப்பதா? எத்தனை சுற்று? எந்தக் கம்பி? இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு பதிலையும் சுற்றிப் பார்த்துத்தான் சோதிக்க முடியும். ஒரு பாபின் அகலமாக, ஒன்று ஒடுக்கமாக, ஒன்றில் 5000 சுற்று, இன்னொன்றில் 7000 என்று. இதற்காக எந்தத் தொழிற்சாலையும் நமக்கு ஒற்றைப் பிக்கப் சுற்றித் தராது. மெஷின் நம் கையில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மூன்று சுற்றிவிடலாம்.

வீணைக்காரர்கள் இந்த அரங்கில் சிலர் இருக்கிறீர்கள். மெஷினைப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறேன். கம்பி இருக்கிறது, வெட்டி வைத்த பாபின்கள் நாலைந்து இருக்கின்றன. உங்கள் வீணையின் தந்தி இடைவெளியை ஸ்கேலால் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், முதல் சுருளை உங்கள் கையாலேயே சுற்றலாம்.